மீனுக்கு ஒரு சீட்டு, வழிக்கு ஒரு சீட்டு

போன தை மாதம் அக்கா மகன் கனடாவிலிருந்து வீடியோ காலில் வந்தான். பின்னால் வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. டொராண்டோவுக்கு வடக்கே இருக்கும் சிம்கோ ஏரி கல்லாக உறைந்து கிடக்கிறது. அதன் மேல் ஒரு சின்னக் கூண்டு, கூண்டுக்குள் பனியில் துளைத்த ஓட்டை, ஓட்டைக்குள் நரம்பு. "மாமா, இங்க தூண்டி போடறது இப்படித்தானுங்க" என்றான். திருச்செங்கோட்டுக் கிணறுகளில் ஜிலேபி பிடித்து வளர்ந்த பையன். மீன் சிக்கியதா என்று நான் கேட்பதற்குள் புலம்ப ஆரம்பித்துவிட்டான்.

மீன் பிடிக்க உரிமம் எடுத்து வைத்திருக்கிறான். ஆனால் அவனும் நண்பனும் வந்தது ஸ்னோமொபைலில். பனிமேல் ஓடும் அந்த வண்டிக்கென்று அங்கே தடங்கள் உண்டு. உள்ளூர்ச் சங்கங்கள் பனியைச் சமப்படுத்திப் பராமரிக்கின்றன. அந்தத் தடத்தில் ஏற வேண்டுமானால் அந்தச் சங்கங்களின் ஒன்டாரியோ சம்மேளனம் தரும் சீட்டை வாங்கி வண்டியில் ஒட்டியிருக்க வேண்டும். மீன் உரிமத்தைக் காட்டினால் தடத்துக்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார், தடச் சீட்டைக் காட்டினால் மீன்துறைக்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார். "ஒரு மீனுக்கு ரெண்டு சீட்டுங்க மாமா. நம்மூர்ல இந்தத் தொல்லையெல்லாம் இல்லைல்ல?" என்றான்.

இருக்கிறது. நாம் யாரையும் கேட்பதில்லை என்பதால் இல்லாததுபோலத் தெரிகிறது.

சேலம், நாமக்கல் பக்கம் ஞாயிற்றுக்கிழமை தூண்டிலைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவர்கள் இப்போது நிறையப் பேர். மூங்கில் குச்சி போய் ரீல் வைத்த ராடு வந்துவிட்டது. எங்கே போகலாம் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு இடம் சொல்வார்கள். அங்கே மீன் யாருடையது, அங்கே போகும் வழி யாருடையது என்ற இரண்டு கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை. முப்பது வருடமாகத் தூண்டில் போடுகிற எனக்கு, இடத்தைத் தேர்ந்தெடுக்க இந்த இரண்டைத் தவிர வேறு அளவுகோல் தேவைப்பட்டதில்லை. மீன் எங்கே அதிகம் என்பது மூன்றாவது கேள்விதான்.

கிணறு

முதலில் சுலபமானது. நம் பக்கத்துத் திறந்தவெளிக் கிணறுகளில் பாதிக்கு மேல் மீன் இருக்கும். யாராவது ஒரு காலத்தில் பாசி தின்னட்டும், கொசுப்புழு தின்னட்டும் என்று விட்டதுதான். பெரும்பாலும் ஜிலேபி. ஆப்பிரிக்காக்காரன், 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள், அதன் பிறகு அது நுழையாத தண்ணீர் இல்லை. கிணற்று மீனும் தோட்டத்துக்காரருடையது, கிணற்றுக்குப் போகும் வரப்பும் அவருடையது. இரண்டு கேள்விக்கும் ஒரே ஆள் பதில் சொல்லிவிடுவார். சீட்டு என்று ஒன்று இல்லை. "பெரியப்பா, ரெண்டு மணி நேரம் தூண்டி போட்டுக்கட்டுங்களா?" என்று வாயைத் திறந்து கேட்பதுதான் அனுமதி. பிடித்ததில் நாலு மீனை அவர் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வருவது கட்டணம்.

குழந்தைகளுக்குத் தூண்டில் பழக்குகிறவர்கள் இங்கிருந்து ஆரம்பிக்கலாம் என்பேன். ஒரே நிபந்தனை: படிக்கட்டு உள்ள கிணறாக இருக்க வேண்டும், நீச்சல் தெரிந்த பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு என்றால் திரும்பி வந்துவிடுங்கள். பண்ணைக் குட்டை வெட்டி மீன் விட்டிருப்பவர்களிடமும் இதே முறைதான். ஆனால் அங்கே அவர் விற்பனைக்கு வளர்க்கிறார், ஆகவே கிலோவுக்குப் பணம் கேட்பது நியாயம்.

ஏரி

இங்கேதான் பலரும் தப்புச் செய்கிறார்கள். நானும் செய்திருக்கிறேன்.

ஏரி அரசாங்கத்தினுடையது, தண்ணீர் பொது, ஆகவே மீனும் பொது என்று நினைக்கிறோம். அப்படியில்லை. நூறு ஏக்கருக்குக் குறைவான ஆயக்கட்டு உள்ள சிறு ஏரிகள் பொதுவாக ஊராட்சி ஒன்றியத்தின் கையில் இருக்கின்றன. அதற்கு மேற்பட்டவை நீர்வளத் துறையிடம். 2021 வரை பொதுப்பணித் துறை என்று சொல்லிவந்ததுதான் இது. நகர எல்லைக்குள் இருப்பவற்றை நகராட்சியோ மாநகராட்சியோ பார்த்துக்கொள்ளும். யார் கையில் இருந்தாலும் மீன்பிடிக்கும் உரிமையை ஏலம் விடுவது வழக்கம். மீன்பாசி ஏலம், மீன்பாசிக் குத்தகை என்று அறிவிப்பில் போடுவார்கள். ஏலம் எடுத்தவர் பணம் கட்டி, லாரியில் குஞ்சு கொண்டுவந்து விட்டு, இரவில் காவலுக்கு ஆள் போட்டு, எட்டு மாதம் கழித்து வலை விடுகிறார். அது வரை அந்த ஏரியில் கட்லா, ரோகு, மிருகால் எல்லாமே அவருடைய முதலீடு.

எட்டு வருடத்துக்கு முன்பு ராசிபுரம் பக்கத்தில் ஓர் ஏரி. மதகுக்கு அருகில் நல்ல நிழல். நாக்குப்பூச்சி கோத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். தக்கை இரண்டு முறை நடுங்கி, மூன்றாவது முறை முழுசாக முங்கியது. இழுத்தால் ஒன்றரைக் கிலோ இருக்கும் கட்லா. அதைக் கரைக்கு ஏற்றி நிமிர்ந்தபோது பின்னால் ஒருவர் டிவிஎஸ் வண்டியை ஸ்டாண்டு போட்டுக்கொண்டிருந்தார். சத்தம் போடவில்லை. மீனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க, ஏலம் எடுத்தது நானுங்க. மீன் புடிக்கறது நீங்களா?"

பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. மன்னிப்புக் கேட்டுப் பணம் கொடுக்கப் போனேன். அவர் வாங்கவில்லை. கட்லா இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது, அதைத் தூக்கித் தண்ணீரில் விட்டார். பிறகு அவரே ஒரு ஒப்பந்தம் சொன்னார்: "எத்தன தூண்டிங்க? ஒண்ணுதான? சரி, வந்துட்டுப் போங்க. ஜிலேபி, கெளுத்தி வந்தா நீங்க எடுத்துக்கங்க. கட்லா, ரோகு வந்தா உட்டுருங்க. வர்றதுக்கு முன்னால ஒரு போன் மட்டும் பண்ணிருங்க."

அவருக்கும் அதில் லாபம் இருந்தது. ஜிலேபி அவருடைய குஞ்சுகளுக்குப் போட்ட தீனியைத் தின்று பெருகுகிற மீன். நான் பத்துப் பிடித்தால் அவருக்குப் பத்துத் தொல்லை குறைவு. அன்றிலிருந்து எந்த ஏரிக்குப் போனாலும் முதலில் தேடுவது மீனை அல்ல, குத்தகைக்காரரை. கரையோர டீக்கடையில் "ஏரி யாரு எடுத்திருக்காங்க?" என்று கேட்டால் பெயரும் நம்பரும் கிடைத்துவிடும். ஒருவர் பணம் கேட்பார், ஒருவர் சும்மா விடுவார், ஒருவர் முடியாது என்பார். முடியாது என்றால் முடியாதுதான்.

மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் கோடையில் தண்ணீர் வற்றும்போது ஊரே இறங்கிப் பிடிக்கும் மீன்பிடித் திருவிழா நடக்கும். அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு இங்கே ஏரியில் இறங்கினால் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார வேண்டியிருக்கும். அங்கேயும் ஊர்ப் பெரியவர் துண்டை வீசி ஆரம்பித்து வைத்த பிறகுதான் இறங்குவார்கள் என்பதை வீடியோ பார்க்கிறவர்கள் கவனிப்பதில்லை.

சேலத்துக்காரர்களுக்கு இன்னொன்று. மேட்டூர் உபரி நீரைச் சரபங்கா வடிநிலத்து 100 வறண்ட ஏரிகளுக்கு நிரப்பும் திட்டம் 565 கோடி ரூபாய் மதிப்பில் போடப்பட்டு 2021 பிப்ரவரியில் தொடங்கிவைக்கப்பட்டது. எடப்பாடி, ஓமலூர், மேச்சேரிப் பக்கம் புல் முளைத்துக் கிடந்த ஏரிக்குத் தண்ணீர் வந்தால் பின்னாலேயே ஏலமும் வரும். போன தடவை கேட்பாரில்லாமல் கிடந்ததே என்ற நினைப்பில் போகாதீர்கள். அதேபோல் கன்னங்குறிச்சி மூக்கனேரிக்குத் தூண்டிலோடு போவதை விடப் பைனாகுலரோடு போகலாம். ஏரிக்குள் மண்திட்டுப் போட்டு மரம் வைத்ததில் பறவைகள் சேர்ந்திருக்கின்றன. நரம்பு அறுந்து மரத்தில் சிக்கினால் நாரையின் காலில்தான் மாட்டும். பனமரத்துப்பட்டி ஏரி பெரிய பெயர், சேலத்துக்குக் குடிநீர் கொடுக்க 1911இல் அமைத்தது. இப்போது அங்கே மீனை விடச் சீமைக்கருவேலம்தான் அதிகம்.

திருமணிமுத்தாற்றில் தூண்டில் போடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அனுமதி கேட்க அங்கே ஆள் இல்லைதான். ஊர்ச் சாக்கடையும் சாயமும் ஓடும் தண்ணீரில் பிழைத்துக் கிடக்கிற கெளுத்தியைப் பிடித்து என்ன செய்யப் போகிறீர்கள்?

காவிரி

மேட்டூருக்குக் கீழே காவிரி ஓர் ஆறு மாதிரி ஓடுவதில்லை, படிக்கட்டு மாதிரி இறங்குகிறது. செக்கானூர், நெருஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை என்று வரிசையாகக் கதவணைகள்; ஒவ்வொன்றிலும் மின்நிலையம். கதவணைக்கு மேலே தண்ணீர் தேங்கிக் குளம்போல நிற்கும். கீழே பாறை தெரியும். மதகு திறந்தால் பாறை மறையும்.

ஆற்றில் கரையிலிருந்து ஒற்றைத் தூண்டில் போடுகிறவரை யாரும் பெரும்பாலும் தடுப்பதில்லை. ஆனால் தடுக்காதது வேறு, அனுமதித்தது வேறு. வலையும் பரிசலும் வைத்துப் பிழைக்கிற மீனவர் குடும்பங்கள் பள்ளிபாளையத்திலும், பரமத்தி வேலூரிலும், மோகனூரிலும் இருக்கின்றன. அவர்கள் வலை கட்டியிருக்கும் இடத்தில் ராடு வீசி முள்ளை வலையில் சிக்கவைத்துக் கிழித்துவிட்டு, "ஆறு பொதுதானே" என்று வாதம் செய்கிற இளைஞர்களை நானே பார்த்திருக்கிறேன். போனதும் பரிசல்காரரிடம் இரண்டு வார்த்தை பேசுங்கள். வலை எங்கே இருக்கிறது, தண்ணீர் எப்போது ஏறும், எந்தப் பாறைக்குப் பக்கத்தில் வாளை கிடக்கிறது என்று மூன்றையும் சொல்லிவிடுவார். கோழிக்கு நாமக்கல்லில் பஞ்சமா? கறிக்கடையில் சும்மா கொடுக்கும் குடல்தான் கெளுத்திக்கும் வாளைக்கும் முதல்தர இரை.

வழி என்ற கேள்விதான் ஆற்றில் முக்கியம். மின்நிலையம், கதவணை, மதகு இவற்றை ஒட்டிய பகுதியில் நுழையக்கூடாது என்று பலகை இருந்தால், அது மின்வாரியத்தின் இடம், உங்கள் உயிருக்கும் அதுதான் எல்லை. கரையோர வாழைத்தோட்டம் வழியாக இறங்கினால் அது ஒருவருடைய பட்டா நிலம். மணலில் கார் இறக்குகிறவர்கள் டிராக்டர் வைத்திருப்பவரின் நம்பரை முதலிலேயே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. பரமத்தி வேலூரில் ஒரு மாலை முழுக்க அந்த வேடிக்கையைப் பார்த்திருக்கிறேன்.

காலத்தையும் பாருங்கள். மேட்டூரிலிருந்து டெல்டாவுக்குத் தண்ணீர் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12, மூடுவது ஜனவரி 28. இந்த இடைவெளியில் ஆற்றில் தண்ணீர் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். கர்நாடகத்தில் கபினியும் கிருஷ்ணராஜ சாகரும் நிரம்பிவிட்டால், மேட்டூர் 120 அடியைத் தொட்டு 16 கண் மதகு வழியாகத் தண்ணீர் வெளியேறும். அப்போது கரையோரத்தில் ஒலிபெருக்கி கட்டி, குளிக்க, துணி துவைக்க, மீன் பிடிக்க இறங்காதீர்கள் என்று சொல்லிக்கொண்டு போவார்கள். அந்த அறிவிப்பு வந்த நாளில் எந்தச் சீட்டும் செல்லாது. புதுத் தண்ணீரில் மீன் ஏறும் என்பது உண்மைதான். கரையும் கரையும் என்பது அதைவிட உண்மை. என் கணக்கில் காவிரித் தூண்டிலுக்கு நல்ல மாதம் பிப்ரவரி, மார்ச். தண்ணீர் அடங்கித் தெளிந்திருக்கும்.

குடும்பத்தோடு போகிறவர்களுக்கு ஜேடர்பாளையம். ராஜவாய்க்கால் பிரியும் அணைக்கட்டு, பூங்கா, கரையில் வறுத்த மீன் கடைகள். பேருந்தும் போகும். நாள் முழுக்கத் தூண்டிலில் ஒன்றும் சிக்காவிட்டாலும் வீட்டுக்காரம்மாவிடம் மானம் போகாமல் மீன் தின்றுவிட்டு வரலாம் என்பது அந்த ஊரின் தனிச் சிறப்பு. ஆனால் அணைக்கட்டுச் சுவர்மேல் நின்று தூண்டில் போடாதீர்கள். பாசி பிடித்த கல்.

குமாரபாளையம், பள்ளிபாளையத்தில் சாயத் தண்ணீர் கலக்கும் இடங்களுக்குக் கீழே பிடித்ததை நான் சமைப்பதில்லை. அது என் தீர்ப்பு, உங்களுடையது உங்கள் கையில்.

மேட்டூர் நீர்த்தேக்கம்

1934இல் திறந்த இந்த அணைக்கு அன்றைய சென்னை மாகாண ஆளுநர் ஸ்டான்லியின் பெயர். நிரம்பினால் 93.47 டிஎம்சி, தண்ணீர் பரவி நிற்கும் இடம் ஏறத்தாழ 153 சதுர கிலோமீட்டர். கட்லாவும் வாளையும் ஆளை இழுக்கும் அளவில் கிடைக்கும் இடம். சேலத்துக்காரர்களுக்கு இதுதான் கனவு.

ஆனால் இங்கே மீன் மீன்வளத் துறையினுடையது. துறை உரிமம் கொடுத்த மீனவர்கள் பரிசலில் போய் வலை விடுகிறார்கள். ஆகவே தூண்டிலோடு போகிறவர் முதலில் போக வேண்டியது கரைக்கு அல்ல, மேட்டூர் அணையில் இருக்கும் மீன்வளத் துறை அலுவலகத்துக்கு. ஒரு வேலைநாளில் போய், எங்கே போடலாம், எங்கே கூடாது, கட்டணம் உண்டா என்று கேட்டு, முடிந்தால் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஞாயிறு காலை ஆறு மணிக்குப் போய் நின்றுகொண்டு யாரிடம் கேட்பது என்று விழிப்பதுதான் நம் வழக்கம். அணையை ஒட்டிய பகுதி பாதுகாப்புக்கு உட்பட்டது. அங்கே தூண்டில் என்ற பேச்சே வேண்டாம்.

கொளத்தூர்ப் பக்கம் பண்ணவாடி இருக்கிறது. தண்ணீர் வடியும்போது மூழ்கிப்போன ஜலகண்டேசுவரர் கோயிலின் நந்தி தலை நீட்டும், பழைய தேவாலயத்தின் கோபுரமும் வெளியே வரும். அந்த நந்தியை முதல்முதலாகப் பார்த்தபோது தூண்டில் போட மறந்துவிட்டேன். பரிசலில் ஏறுவதென்றால் மிதவை அங்கி போட்டுக்கொள்ளுங்கள். பரிசலுக்குள் நின்றுகொண்டு ராடு வீசினால் பரிசல் சுழலும், நீங்களும் சுழல்வீர்கள்.

மேலே போனால் காடு

மேட்டூருக்கு மேலே ஒகேனக்கல். அதற்கு மேலே காவிரியின் இரு கரையும் காடு. 2022 நவம்பரில் கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களில் 686 சதுர கிலோமீட்டரைக் காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயம் என்று தமிழக அரசு அறிவித்தது. எதிர்க்கரையில் கர்நாடகத்தின் காவிரிச் சரணாலயம். இந்த எல்லைக்குள் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி இல்லாமல் காலை வைப்பதே குற்றம். தூண்டில் அதற்கு அப்புறம்தான்.

இந்தத் தண்ணீரின் ராஜா மகாசீர். கபினியில் 1946இல் வான் இங்கன் என்ற மைசூர்க்காரர் 120 பவுண்டு மகாசீரைத் தூண்டிலில் பிடித்தது இன்றும் வேட்டைக்காரர்கள் வாயில் இருக்கிறது. பீமேசுவரி, கலிபோர் முகாம்களில் வெள்ளைக்காரர்கள் வந்து பிடித்துவிட்டுத் திரும்ப விடுகிற காலம் ஒன்று இருந்தது. அதுவும் பத்து வருடத்துக்கு மேலாக நின்றுபோயிற்று. காவிரியின் திமில் மகாசீர் 2018 முதல் உலகப் பட்டியலில் அழிவின் விளிம்பில் இருக்கும் இனம். ஆரஞ்சு வாலும் முதுகில் மேடுமாக ஒரு மீன் உங்கள் முள்ளில் மாட்டினால், தண்ணீரை விட்டுத் தூக்காமல் முள்ளைக் கழற்றி விட்டுவிடுங்கள். என்னைக் கேட்டால் ஒகேனக்கல்லுக்கு எண்ணெய்க் குளியலுக்கும் மீன் குழம்புக்கும் போங்கள், தூண்டிலை வீட்டில் வையுங்கள்.

கொல்லிமலைக்கும் அதையே சொல்வேன், காரணம் வேறு. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போனால் அறப்பளீசுவரர் கோயில். அறுத்துச் சமைத்த மீன் பொருந்தித் தண்ணீரில் துள்ளிப் போனது என்பது அங்கே தலவரலாறு. கோயிலையொட்டி ஓடும் ஐயாற்று மீன்களுக்கு ஜனங்கள் பொரி போடுவார்கள், பிடிக்க மாட்டார்கள். சட்டம் எழுதாத தடை. நாமக்கல்காரனுக்கு அதைச் சொல்லித் தர வேண்டியதில்லை, வெளியூர் நண்பரைக் கூட்டிப் போகிறவர்கள் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஏற்காடு ஏரி படகு சவாரிக்கானது.

நீலகிரி வரை போகத் துணிந்தவர்களுக்குத்தான் என் அக்கா மகனின் கதை அப்படியே பொருந்தும். அங்கே மீனுக்குச் சட்டம் 1879இலேயே வந்துவிட்டது. வேட்டை விலங்கையும் மீனையும் காக்க நீலகிரிக்கென்றே போட்ட சட்டம். அவலாஞ்சியில் டிரௌட் குஞ்சு பொரிக்கும் நிலையத்தை 1907இல் எச். சி. வில்சன் தொடங்கினார். அந்தக் காலத்திலிருந்தே அங்கே உரிமம் இல்லாமல் தூண்டில் கிடையாது. ஆகவே கிளம்புவதற்கு முன் ஊட்டி மீன்வளத் துறையில் கேட்டு, இந்தப் பருவத்தில் தருகிறார்களா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். அவலாஞ்சி வனத்துறைப் பகுதி என்பதால் உள்ளே சொந்த வண்டியை விட மாட்டார்கள், வனத்துறை வண்டியில்தான் போக வேண்டும். இது மீன் பக்கம்.

வழிப் பக்கம் 2024 மே 7 முதல் இ-பாஸ். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போகும் வெளியூர் வண்டிகள் இணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரையான கோடையில் எண்ணிக்கைக்கும் வரம்பு வந்தது: நீலகிரிக்கு வேலைநாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறு 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. கல்லாறிலோ குஞ்சப்பனையிலோ சோதனைச் சாவடியில் போனைக் காட்ட வேண்டும். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கும் அங்கே தடை, இரையைப் பாலிதீன் பையில் கட்டிக்கொண்டு போகாதீர்கள். நாக்குப்பூச்சிக்கு எவர்சில்வர் டப்பா போதும்.

கனடாவின் தடச் சீட்டுக்கும் நம் இ-பாஸுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே காசு வாங்குகிறார்கள், அந்தக் காசு தடத்தைச் சீர்படுத்தப் போகிறது. இங்கே காசு இல்லை, கூட்டத்தை எண்ணவும் குறைக்கவும்தான் சீட்டு. இன்னொன்றும் கவனியுங்கள்: இரண்டிலும் சீட்டு வண்டிக்கு. மேட்டுப்பாளையத்தில் காரை நிறுத்திவிட்டு அரசுப் பேருந்தில் ஏறினால் இ-பாஸ் கேள்வியே எழாது. சேலத்திலிருந்து தனியாகப் போகிறவனுக்கு நான் சொல்வது பேருந்துதான். திரும்பும்போது ஐஸ் பெட்டியில் தண்ணீர் ஒழுகினால் கண்டக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொள்வீர்கள், அது தனிக் கதை.

எதுவாக இருந்தாலும்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்று கேள்விப்பட்டு ஏரிக்குப் போகாமல் இருக்கிறவர்கள் உண்டு. அந்த 61 நாள் கடலில் விசைப்படகுகளுக்கு. கிணற்றுக்கும் ஏரிக்கும் அது இல்லை. மாறாக, தோட்டா போடுவதும் மருந்து கலப்பதும் எங்கேயும் எப்போதும் குற்றம். 1897ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்திலிருந்தே. பேட்டரி வைத்துக் கரண்ட் விடுகிற கூட்டத்தைப் பார்த்தால் பக்கத்தில் நிற்காதீர்கள். அவர்களோடு நின்றவன் என்று உங்களையும் சேர்த்துத்தான் எழுதுவார்கள்.

ஆகவே என் வரிசை இது. பழகுகிறவருக்குச் சொந்தக்காரர் கிணறு. மாதம் இரண்டு முறை போக நினைப்பவருக்குக் குத்தகைக்காரர் ஒப்புக்கொண்ட ஏரி. எனக்கு இன்றும் இதுதான் முதல். குடும்பத்துக்கு ஜேடர்பாளையம், அதுவும் தண்ணீர் அடங்கிய மாதங்களில். அலுவலகம் போய்க் கேட்கப் பொறுமை உள்ளவருக்கு மேட்டூர். நீலகிரிக்கு இரண்டு சீட்டும் கையில் இருந்தால் மட்டும்.

கடைசியாக ஒன்று. மீன்பாசிக் குத்தகை பெரும்பாலும் பசலி ஆண்டுக் கணக்கில் ஓடுகிறது, ஜூன் 30இல் முடியும். ஜூலையில் ஏரிக்குப் போகிறவர்கள் போன வருடத்து நம்பருக்குப் போன் போட்டுவிட்டு இறங்கிவிடாதீர்கள். டீக்கடையில் மறுபடியும் ஒருமுறை கேளுங்கள்.